கணினி ஒலியும் மூலபாடத் தூய்மையும்: ஓர் அம்பாப் பாடலை முன்வைத்துச் சில குறிப்புகள்

இலக்கிய மாணவர் ஒருவர் கணினியின் ஒலிச் செயற்பாடு பற்றி எழுதப் புகுவது எல்லை மீறிய செயலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் வாய்மொழி இலக்கியத்தை ஆராய்வோர் இன்று ஏட்டையும் அச்சுநூலையும் மாத்திரம் முன்வைத்துப் பணியாற்றுவதில்லை. ஒலிநாடாவிற் பதியப்பட்டுப் பின்னர் கணினிக் கோப்பாக மாற்றப்பட்ட பாடலே பெரும்பாலும் அவர்தம் மூலபாடமாகின்றது. அம்மூலபாடம் கோப்பிலிருந்து புறப்பட்டு எமது செவியை வந்தடைவதற்குள் அதற்கு யாது நேர்கின்றது என்னும் வினாவை நாம் நெடுங்காலம் எழுப்பியதில்லை. எழுப்பாமையால் நேர்ந்த தவறொன்றை முதலிற் கூறிவிட்டு விடயத்துக்கு வருவது பொருத்தமாகும்.

கரைவலை இழுக்கும் தொழிலாளர் பாடும் அம்பாப் பாடல்களை நாம் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், பல ஆண்டுகளுக்கு முன்னர் கரையோரக் கிராமமொன்றில் ஒலிநாடாவிற் பதியப்பட்ட பாடலொன்றின் கணினிக் கோப்பு எமக்குக் கிடைத்தது. இப்பாடல்களில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் அதனை ஏற்றுப் பாடுவர் என்பதும், வலையை இழுக்கும் கைகளின் அசைவே பாடலின் தாளத்தை நிர்ணயிக்கின்றது என்பதும் வாசகர் அறிந்தவையே. எமக்குக் கிடைத்த கோப்பை ஒலிக்கச் செய்து கேட்டபோது, தலைமைக் குரலும் கூட்டுக்குரலும் ஏறத்தாழ ஒரே ஓசையளவில் நிற்பதை அவதானித்தோம். அடியின் இறுதியிலும் குரல் தாழவில்லை. இதனை ஆதாரமாகக் கொண்டு, கூட்டுழைப்பின் சமத்துவம் குரல்களின் சமநிலையிலேயே வெளிப்படுகின்றது எனக் கருத்தரங்கக் கட்டுரையொன்றின் வரைவில் எழுதினோம். வாதம் அழகானதாகவே இருந்தது. எமது கோட்பாட்டு நிலைப்பாட்டுக்கும் அது உவப்பானதாயிற்று. அந்த உவப்பே எம்மை எச்சரித்திருத்தல் வேண்டும்.

சில வாரங்களின் பின்னர் அதே பாடலை நண்பர் ஒருவரின் கணினியிற் கேட்டபோது வேறொரு பாடலைக் கேட்டது போலிருந்தது. தலைமைக் குரல் ஓங்கி முன்னின்றது. கூட்டுக்குரல் பின்னொதுங்கி ஒலித்தது. ஒவ்வோரடியின் முடிவிலும் மூச்சுத் தளர்ந்து குரல் தேய்ந்தது. கோப்புகள் வெவ்வேறானவை என்றே முதலில் எண்ணினோம். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது அவற்றிடையே அணுவளவும் வேறுபாடில்லை. வேறுபாடு எமது கணினியில் இருந்தது. ஓசையளவைச் சமப்படுத்தும் வசதியொன்று அதில் நாம் அறியாமலே இயங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய ஒலியை உயர்த்துவதும் உரத்த ஒலியைத் தணிப்பதுமே அதன் தொழில். கடற்கரையில் நிலவியதாக நாம் எழுதிய சமத்துவம், உண்மையில் ஒரு மென்பொருளின் கைவண்ணம்!

‘படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்பது பழமொழி. 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சீவகசிந்தாமணியை உ. வே. சாமிநாதையரும் பதிப்பித்து வெளியிட்ட காலந்தொட்டு, ஏடெழுதுவோரின் பிழைகளை இனங்கண்டு களைவது தமிழ்ப் புலமையின் தலையாய பணிகளுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. அறியாமையாற் பிழைசெய்த எழுத்தாளரைவிட, பாடலைத் ‘திருத்த’ முயன்ற எழுத்தாளரே பதிப்பாசிரியர்க்கு மிகுந்த தொல்லை கொடுத்தவர் எனலாம். அறியாமையின் பிழை பிழையாகவே தோன்றும். திருத்தியவரின் பிழையோ செம்மையான பாடம்போலக் காட்சி தரும். கணினியிலே கோப்புக்கும் செவிக்கும் இடையே அமர்ந்திருக்கும் மென்பொருளை இத்தகைய திருத்தும் எழுத்தாளனாகக் கருதினால், இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பிரச்சினை எளிதில் விளங்கும். ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு. ஏட்டில் நிகழ்ந்த மாற்றம் பாடபேதமாகவேனும் எஞ்சும். இங்கே நிகழும் மாற்றம் காற்றோடு கரைந்துவிடும். கோப்பைத் திறந்து பார்ப்பவர்க்கு அது எப்போதும் தூயதாகவே இருக்கும்.

கோப்பிலுள்ள எண்கள் யாதொரு மாற்றமுமின்றி, ஒலியை மின்னோட்டமாக்கும் கருவியை அடைவதனையே துறைசார்ந்தோர் பிட் பிசகாமை என்ற பொருள்படக் குறிப்பிடுகின்றனர். பிட் என்பது துவித எண்முறையில் ஓர் இலக்கம். பூச்சியம் அல்லது ஒன்று. எம்மவரின் காலையுணவோடு இச்சொல்லுக்குத் தொடர்பில்லை.

ஒலி எவ்வாறு எண்ணாகின்றது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். காற்றின் அமுக்க மாறுதலை ஒலிவாங்கி மின்னழுத்த மாறுதலாக்குகின்றது. அம்மாறுதலைச் சமமான கால இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துவைப்பதே இலக்கமுறைப் பதிவு. அளக்கப்படும் ஒவ்வொன்றையும் மாதிரி என்பர். ஓர் ஒலியில் அடங்கியுள்ள மிகவுயர்ந்த மீடிறனின் இருமடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் மாதிரிகள் எடுக்கப்படுமாயின் அவ்வொலியை முழுமையாக மீட்டெடுக்கலாம் என்பது கணித நியதி. இதற்கு அடிகோலியவராக அமெரிக்கரான நைக்விஸ்டையும் (1928), அதனை நிறுவியவராகச் சனனையும் (1949) மேலைநாட்டு நூல்கள் போற்றுகின்றன. சோவியத் விஞ்ஞானியான கொத்தெல்னிகோவ் 1933இலேயே இதனை நிறுவியிருந்தார் என்பது அந்நூல்களிற் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே இடம்பெறுவதுண்டு.

மனித செவி உணரக்கூடிய உச்ச மீடிறன் ஏறத்தாழ 20,000 ஹேட்ஸ். எனவே வினாடிக்கு 40,000க்குச் சற்று மேற்பட்ட மாதிரிகள் போதுமானவை. ஆனால் சோனி, பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்கள் 1980இல் வகுத்து, 1982இல் யப்பானில் விற்பனைக்கு வந்த இறுவட்டுக்கு 44,100 என்ற வினோதமான எண் எங்ஙனம் வாய்த்தது? கணித நியதி இதனைத் தரவில்லை. பெருந்தொகையான எண்களைப் பதிந்துவைக்க அக்காலத்தில் மலிவாகக் கிடைத்த சாதனம் தொலைக்காட்சிப் படங்களைப் பதியும் வீடியோ நாடா ஒன்றேயாகும். ஒலியின் எண்களை ஒரு பொய்ப்படமாக மாற்றி அதில் பதிந்தனர். அமெரிக்க, யப்பானிய முறையில் வினாடிக்கு 60 புலங்கள், புலமொன்றுக்குப் பயன்படுத்தக்கூடிய 245 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள், அதுவும் 44,100. இரு சந்தைகளிலும் ஏற்கெனவே நிலைபெற்றிருந்த பொறிகள் ஒத்துக்கொண்ட எண்ணே உலகத்தின் இசைக்கு அளவுகோலாயிற்று. அழகியலின் பரிசுத்த மண்டலத்திலே உற்பத்திச் சாதனங்களின் வரலாறு இவ்வாறு ஓர் எண்ணாகப் பதிந்துகிடப்பதைக் காண்பது எமக்குப் பெருமகிழ்ச்சி தருவதாகும்.

இறுவட்டின் ஒவ்வொரு மாதிரியும் 16 பிட்டுகளால் ஆனது. அதாவது ஒலியின் வீச்சம் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது. இடம், வலம் என்னும் இரு ஒலித்தடங்களுக்குமாக வினாடிக்கு 14,11,200 பிட்டுகள். இவ்வளவையும் எழுத்துப் பிசகாமல் ஒரு கணினி தன்னுள் இடம்மாற்றுவது கடினமானதன்று. வங்கிக் கணக்குகளை இதனினும் விரைவாக அது நாள்தோறும் இடம்மாற்றுகின்றது. அவ்வாறாயின் இசை மட்டும் ஏன் இடைவழியில் மாறுகின்றது?

விடை, கணினியின் ஒலிப்பொறி பலருக்கும் பொதுவானது என்பதில் அடங்கியுள்ளது. பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கடிதம் வந்ததற்கான மணியோசை கேட்க வேண்டும். தொலைபேசி உரையாடலும் கேட்க வேண்டும். வெவ்வேறு வீதங்களிற் பதியப்பட்ட இவ்வொலிகளைக் கூட்டுவதாயின், முதலில் அனைத்தையும் ஒரே வீதத்துக்குக் கொண்டுவருதல் அவசியம். அந்தப் பொதுவீதம் பெரும்பாலும் 48,000 ஆகவே அமைந்தது. தொழின்முறை ஒலிப்பதிவும் திரைப்படத்துறையும் வழங்கிய வீதம் அது. 1997இல் இன்ரெல் நிறுவனம் வகுத்து, பின்னர் கோடிக்கணக்கான மலிவுக் கணினிகளில் இடம்பெற்ற ஒலி நியமமும் 48,000ஐயே அடிப்படையாகக் கொண்டது. 1998இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற சவுண்ட் பிளாஸ்ரர் லைவ் என்னும் ஒலியட்டையும் எவ்வீதத்திற் கொடுத்தாலும் உள்ளே 48,000 ஆக மாற்றியே கையாண்டது. ஆக, உலகின் இசையிற் பெரும்பகுதி 44,100இல் இருக்க, அதனை ஒலிக்கச்செய்யும் பொறி 48,000இல் இயங்கிற்று.

44,100ஐ 48,000 ஆக்குவது எளிய கணக்கன்று. இரண்டையும் 300ஆல் வகுத்தால் 147உம் 160உம் கிடைக்கும். 147 மாதிரிகள் இருந்த இடத்தில் 160 மாதிரிகளை நிரப்ப வேண்டும் என்பது இதன் பொருள். இவற்றுள் ஒன்று மாத்திரமே பழைய மாதிரியொன்றுடன் காலத்தால் ஒத்து நிற்கும். ஏனைய 159உம் அயலிலுள்ள எண்களைக் கொண்டு கணித்துப் பெறப்படும் புதிய எண்கள். நாற்சீரடியைப் பொருள் சிதையாமல் ஐஞ்சீரடியாக்கித் தருக என ஏடெழுதுவோனைப் பணித்தாற் போன்றது இது. வல்லவன் ஒருவன் இதனை மிகத் திறம்படச் செய்யக்கூடும். நல்ல கணிப்புமுறைகொண்டு செய்யப்பட்ட மாற்றத்தைப் பயின்ற செவியும் பிரித்தறிய இயலாது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முந்திய கணினிகளில் இப்பணி வேகத்தின்பொருட்டுக் கைக்கு வந்தவாறு செய்யப்பட்டது. அவ்வாறு செய்யப்பட்டதன் விளைவு உயர் மீடிறன் பகுதியில் இல்லாத ஒலிகளாக வெளிப்பட்டது. திறமையோ திறமையின்மையோ, மாற்றம் நிகழ்ந்தது கேட்பவருக்கு அறிவிக்கப்படவில்லை என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

2007இன் தொடக்கத்திற் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவிலிருந்து மைக்ரோசொப்ட் நிறுவனம் இதனை வெளிப்படையாக இருமுறைகளாக வகுத்தது. ஒன்று பகிர்வு முறை: எல்லா மென்பொருள்களும் தத்தம் ஒலியைப் பொதுக்கலவைக்குக் கொடுக்கும். கலவையோ அவற்றை வீதம் மாற்றிக் கூட்டி, உச்சவரம்பை மீறாதிருக்கும்பொருட்டுக் கட்டுப்படுத்தியொன்றினூடாகச் செலுத்திப் பின்னரே வெளியே அனுப்பும். தனியொரு பாடலே ஒலிக்கும்போதும், உச்சத்தைத் தொடும் ஓசைகளை அக்கட்டுப்படுத்தி சற்றே அமுக்கிவிடும். மற்றையது தனியுரிமை முறை: மென்பொருள் ஒன்று ஒலிப்பொறியை முழுவதுமாகத் தன்வசமாக்கிக்கொண்டு, ஏனையவற்றை ஊமையாக்கி, கோப்பின் எண்களை நேரே அனுப்பும். இதற்கு முன்னரே, 1997இல், ஸ்ரைன்பேர்க் என்னும் ஜேர்மன் நிறுவனம் ஒலிப்பதிவுக் கூடங்களின் தேவைக்கென வகுத்த ஏசியோ முறையும் பொதுக்கலவையைத் தவிர்த்துச் செல்லும் வழியாகப் பயன்பட்டு வந்தது.

உண்மையான ஒலியைக் கேட்பதற்குப் பகிர்வைக் கைவிட்டுத் தனியுரிமையைத் தழுவ வேண்டும் என்பது, பொதுவுடைமைச் சிந்தனையில் ஊறிய எம்போன்றோருக்குச் சற்றுச் சங்கடமான செய்திதான். இதனைப் பற்றி நண்பர்கள் எம்மைக் கேலி செய்ததுமுண்டு. ஆயினும் சற்று நுணுகி நோக்கின், குற்றம் பகிர்வில் இல்லை என்பது தெளிவாகும். பொதுக்கலவையின் வீதத்தைப் பாடலின் வீதத்தோடு பொருந்த அமைத்து, ‘மேம்பாடுகள்’ அனைத்தையும் நிறுத்தி, ஓசையளவை முழுமையாக வைத்தால், பகிர்வு முறையிலும் எண்கள் பெரும்பாலும் சிதையாமலே செல்லும். கலவையில் எண்கள் எடுக்கும் வடிவம் 24 பிட் வரையான முழுவெண்களை இழப்பின்றித் தாங்கவல்லது. குற்றம், பகிர்வின் விதிகள் பகிர்வோரின் கண்ணுக்கெட்டாத இடத்திலே தீர்மானிக்கப்பட்டமையில் உள்ளது. மூலநிரலை யாவரும் வாசிக்கக்கூடிய லினக்ஸ் முறைமையிலே, வன்பொருளின் பெயரை நேரடியாகச் சுட்டினால் எண்கள் கலவையைத் தொடாமற் செல்கின்றன; செல்கின்றனவா என்பதை இயங்கிக்கொண்டிருக்கும்போதே சோதித்தும் பார்க்கலாம். அப்பிள் கணினிகளிலோ பாடலுக்கேற்ப வீதத்தைப் பயனர் தாமே அமைப்புப் பகுதியிற் சென்று மாற்றவேண்டிய நிலை நெடுங்காலம் நிலவியது. கைத்தொலைபேசிகளின் நிலை இன்னும் மோசமானது. அன்ட்ரொயிட் முறைமை, வெளியே இணைக்கப்படும் மாற்றிகளுக்கு எண்களைப் பிசகாமற் கொடுக்கும் வழியை 2023இல் வெளிவந்த 14ஆவது பதிப்பிலேதான் ஏற்படுத்தியது.

ஓசையளவைக் குறைத்தல் என்னும் சாதாரண செயலும் எண்களை மாற்றுவதே. ஒலியின் வீச்சத்தைப் பாதியாக்குவது ஒவ்வோர் எண்ணையும் இரண்டால் வகுப்பதாகும். அதனால் ஒரு பிட் வெளியே தள்ளப்படும். 16 பிட்டுகளே கொண்ட பழைய வழியில் இவ்வாறு நாலைந்து முறை பாதியாக்கினால் பாடலின் மெல்லிய பகுதிகள் படிக்கட்டுகளாகிவிடும். 24 பிட் கொள்ளும் இன்றைய வழியில் எட்டு பிட்டுகள் வெறுமையாகவே இருப்பதால், 48 டெசிபெல் வரை குறைத்தாலும் பழைய பதினாறும் விளிம்பைக் கடப்பதில்லை. எனவே இதுபற்றி அஞ்சுவதற்கு இன்று அதிகமில்லை. ஆனால் ஆய்வுக்காகக் கேட்பவர் ஓசையைக் கணினியிற் குறைக்காது ஒலிபெருக்கியிற் குறைப்பதே நன்று.

இதுவரை கூறியவற்றைப் பொறியியலாளரின் கவலையீனம் என ஒதுக்கிவிடலாம். எண்களை இடைமறிப்பது சொத்துரிமையின் கருவியாகவும் அமைந்த வரலாற்றை அவ்வாறு ஒதுக்க முடியாது. 2005ஆம் ஆண்டிலே சோனி பி.எம்.ஜி. நிறுவனம் வெளியிட்ட ஏறத்தாழ ஐம்பது இறுவட்டுகளில் ஒரு மென்பொருள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. அவற்றைக் கணினியில் இட்டவுடன் அது கணினியின் அடித்தளத்திலே தன்னை நிறுவிக்கொண்டு, தான் இருப்பதையே மறைத்துவிடும். அதன் பின்னர், தட்டை வாங்கியவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்குப் படியெடுக்க முயன்றால், வேண்டுமென்றே எண்களைச் சிதைத்துக் கொடுக்கும். அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் மார்க் ருசினோவிச் என்னும் கணினி வல்லுநர் இதனை வெளிப்படுத்தினார். நிறுவனம் தட்டுகளை மீளப்பெற நேர்ந்தது, வழக்குகளும் தொடர்ந்தன. பணம் கொடுத்து வாங்கியவரின் பொறியினுள்ளே, அவருக்குத் தெரியாமல், அவருக்கு எதிராகவே ஓர் எழுத்தாளன் அமர்த்தப்பட்டிருந்தான். இங்கு ஏட்டைக் கெடுத்தவன் தவறுதலாகக் கெடுத்தானில்லை.

இதனின் மறுமுகத்தைக் காட்டுவது எம்.கியூ.ஏ. என்னும் முறையின் கதை. 2014இன் இறுதியில் பிரித்தானிய நிறுவனமொன்று, ஒலிப்பதிவுக் கூடத்தின் மூலத்தையே இல்லத்துக்குக் கொண்டுவருவதாகக் கூறி இதனை அறிமுகப்படுத்தியது. நடைமுறையில் இது தகவலை இழக்கும் முறையாகும். உயர் மீடிறன் பகுதியைச் சுருக்கிக் கீழ்நிலைப் பிட்டுகளில் மறைத்துவைத்தது. மறைத்ததை விரிப்பதற்கு உரிமக் கட்டணம் செலுத்திய கருவி வேண்டியிருந்தது. அத்தகைய கருவியிலே சிறு விளக்கொன்று உண்டு. எண்கள் பிசகாமல் வந்தாற்றான் அது ஒளிரும். இங்கேயுள்ள முரண்பாட்டைக் கவனித்தல் வேண்டும். மூலம் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டது. மாற்றப்பட்டது மேலும் மாறாமல் வந்ததற்கே விளக்கு எரிகின்றது. ஆனால் கேட்பவரோ அவ்வொளியை மூலத்தின் அத்தாட்சியாகக் கொள்கின்றார். பிட் பிசகாமை என்னும் சோதிக்கத்தக்க உண்மை, இவ்வாறு விற்பனைக்குரிய ஒளிவட்டமாகிவிட்டது. 2023 ஏப்ரலில் அந்நிறுவனம் நொடித்து நிர்வாகிகளின் பொறுப்பிற் சென்றது. அதன் முதன்மை வாடிக்கையாளராக விளங்கிய ரைடல் சேவை 2024இல் அம்முறையைக் கைவிட்டு, எவருக்கும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டாத ஃபிளாக் முறைக்கு மாறியது.

இசையின் பண்டத்தன்மை பற்றி 1938இல் எழுதிய கட்டுரையில், கேட்பவர் இசையையன்றி அதற்குத் தாம் கொடுத்த விலையையே வழிபடும் நிலைக்குத் தள்ளப்படுவதை அடோர்னோ விவரித்தார். வெகுசன இசை பற்றிய அவரது ஏனைய முடிபுகளோடு எமக்கு உடன்பாடில்லை. எனினும் இவ்விடத்தில் அவர் கூறியது சாலப் பொருந்தும். எண்களை மாற்றாமற் கடத்துகின்ற சாதாரண கம்பியைவிடப் பன்மடங்கு விலையுள்ள கம்பியும் அதே எண்களையே கடத்துகின்றது. எண்கள் ஒன்றேயாயின் எஞ்சுவது அவை மாற்றப்படும் காலநேர்மை ஒன்றே. அதுவும் இன்றைய நல்ல மாற்றிகளில் கணினியிடம் விடப்படுவதில்லை. மாற்றி தன் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டு, வேண்டியபோது கணினியிடம் எண்களைக் கேட்டுப் பெறுகின்றது. இவ்வாறிருக்க, ஒரே எண்களை அனுப்பும் இரு மென்பொருள்களுள் ஒன்றில் ‘வெம்மை’யும் மற்றதில் ‘குளிர்ச்சி’யும் இருப்பதாகக் கூறுவோர், மென்பொருளின் குணத்தைப் பற்றியன்று, தம் நம்பிக்கையைப் பற்றியே பேசுகின்றனர்.

பிட் பிசகாமையை நாம் மிகைப்படுத்தவும் கூடாது. அது அழகைக் காப்பதில்லை. கொடுத்ததைக் கொடுத்தவாறே காக்கின்றது. 1990களிலிருந்து இசைநிறுவனங்கள் தம் பாடல் பிறர் பாடலைவிட உரத்து ஒலிக்க வேண்டுமென்ற போட்டியில், ஒலியின் ஏற்ற இறக்கங்களை நசுக்கியே தட்டுகளை வெளியிட்டன. மெற்றாலிக்கா குழுவினர் 2008இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு அவ்வாறு நசுக்கப்பட்டமைக்காக இரசிகரின் கண்டனத்துக்குள்ளானது யாவரும் அறிந்ததே. அத்தகைய பதிவைப் பிசகின்றி ஒலிக்கச் செய்தால் நசுக்கப்பட்ட ஒலியே பிசகின்றி வந்து சேரும். மறுபுறத்தில், அறையின் எதிரொலிக்கேற்ப ஒலியைத் திருத்துவோரும், செவிப்புலன் குறைந்தமையால் சில மீடிறன்களை உயர்த்திக் கேட்போரும் எண்களை மாற்றவே செய்கின்றனர். அவர்கள் அறிந்தே மாற்றுகின்றனர். விரும்பியபோது மாற்றத்தை நீக்கவும் அவர்களால் இயலும். உரையாசிரியன் பாடலுக்கு உரை எழுதுவது போன்றது அது. உரை பாடலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதே சிக்கல் தோன்றுகின்றது.

ஆதலின் சோதித்தறிவதே வழி. இதற்கு நுண்ணிய செவி வேண்டுவதில்லை என்பதுதான் இவ்விடயத்தின் சிறப்பு. கணினியின் இலக்கமுறை வெளியீட்டை இன்னொரு கணினியிற் பதிந்து, மூலக்கோப்புடன் காலத்தாற் பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், வழி தூயதாயின் விடை முழுவதும் பூச்சியமாக இருக்க வேண்டும். ஓரிடத்திலேனும் பூச்சியமல்லாத எண் தோன்றினால் இடையில் ஒரு கை இருந்திருக்கின்றது. இதனினும் எளிய சோதனை ஒன்றுண்டு. டி.ரி.எஸ். முறையிற் குறியாக்கப்பட்ட ஒலியைச் சாதாரண இசைக்கோப்பின் உருவில் வைத்து, அதனை விளங்கிக்கொள்ளும் பெருக்கிக்கு அனுப்புதல் வேண்டும். எண்கள் பிசகாது சென்றால் இசை கேட்கும். வழியில் எண்கள் மாற்றப்பட்டால் பெருக்கி குறியை இழந்துவிடும், வெறும் இரைச்சலே எஞ்சும். பேராசிரியருக்கும் பெருக்கியை முதன்முறை தொடும் மாணவருக்கும் ஒரே விடையைத் தரும் சோதனைகள் எமது துறையில் மிகச் சிலவே.

கோப்பைப் பேணுவதற்கு நாம் ஃபிளாக் முறையைத் தெரிந்துகொண்டோம். ஜோஷ் கோல்சன் என்பவரால் உருவாக்கப்பட்டு 2001இல் முதற்பதிப்பாக வெளிவந்த இம்முறை, ஒலியைச் சுருக்கினாலும் ஓர் எண்ணையும் இழப்பதில்லை. சுருக்குவதற்கு முன்னிருந்த எண்கள் அனைத்திலிருந்தும் கணிக்கப்பட்ட சரிபார்ப்புக் குறியொன்றையும் அது கோப்பினுள்ளேயே பொதிந்து வைக்கின்றது. எத்தனை ஆண்டு கழிந்தாலும் விரித்துப் பார்த்து, குறி பொருந்துகின்றதா என அறியலாம். 2024 திசெம்பரில் இதன் இலக்கணம் பகிரங்க நியமமாகவும் வெளியிடப்பட்டது. எழுத்து விழாமல் ஏட்டைப் பேணிய மடாலயங்களின் எழுத்தெண்ணிக் காக்கும் கவனத்தை இது எமக்கு நினைவூட்டுகின்றது.

அம்பாப் பாடலுக்குத் திரும்புவோம். மேற்கூறிய கழித்தற் சோதனையை எமது கணினியிற் செய்தபோது முதலில் விடை பூச்சியமாகவில்லை. ஓசை சமப்படுத்தும் வசதியை நிறுத்தினோம், அப்போதும் ஆகவில்லை. கோப்பு 44,100 ஆகவும் பொதுக்கலவை 48,000 ஆகவும் இருந்தமையே காரணம். தனியுரிமை முறைக்கு மாற்றியபின்னரே எண்கள் முழுவதும் பூச்சியமாயின. கருத்தரங்கக் கட்டுரையில் இரண்டு பக்கங்களை நீக்கினோம். நீக்கியது எளிது; அவற்றின் இடத்தில் எழுதுவதே கடினமாயிற்று. ஏனெனில் தலைமைக் குரல் ஓங்கி நிற்பதற்கு உழைப்பின் ஒழுங்கமைப்பு காரணமாக இருக்கலாம். ஒலிவாங்கி அவருக்கு அண்மையில் வைக்கப்பட்டது காரணமாகவும் இருக்கலாம். அன்றியும், அக்காலத்து ஒலிநாடாப் பதிவுக் கருவிகள் பலவற்றிலே, பதியும் ஓசையின் அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும் அமைப்பு இருந்தது. எமது கணினி செய்த வேலையின் ஒரு பகுதியை, பதிவு நிகழ்ந்த அன்றே அக்கருவி கடற்கரையிற் செய்திருக்கவும் கூடும். கோப்புக்குப் பின்னுள்ள வழியைத் தூய்மையாக்கலாம். கோப்புக்கு முன்னுள்ள வழிக்கு அச்சோதனை எட்டாது. அதற்கு வேறு சான்றுகள் வேண்டும்: பதிவுக் கருவி யாது, ஒலிவாங்கி எங்கிருந்தது, வலையின் எந்த முனையில் பாடியவர் நின்றார். நாடாவின் உறையில் இவை எழுதப்படவில்லை. அவ்வலையை இழுத்தோருள் இன்றும் வாழ்வோரைச் சந்தித்துக் கேட்கும் முயற்சியில் ஈடுபட்டுள்ளோம். இதனிடையே, சமூகத்தின் பாதுகாப்பிலுள்ள ஒலிக்கோப்புகளைக் கேட்க வருவோருக்கென ஒதுக்கப்பட்ட கணினியில் இச்சோதனையை மாதமொருமுறை செய்து, நாளையும் விடையையும் அருகிலுள்ள குறிப்பேட்டில் எழுதி வருகின்றோம்.